அஞ்சி ஆடுதலும் அறிந்து ஆடுதலும்

கால்பந்து ஆட்டத்தில் ஓர் அணியின்மீது பற்று வைத்தோர் படும் துன்பங்கள் பல. தம் அணி தோற்பது அவற்றுள் ஒன்று. எனினும் அதுவே தலையாய துன்பம் என்று கூறிவிட இயலாது. வெல்லும் ஆற்றல் இருந்தும் அதனை உறையிலிட்ட வாளாக வைத்துக்கொண்டு, ஒரு கோல் அடித்த அளவில் பின்வாங்கித் தன் எல்லைக்குள் ஒடுங்கி, எஞ்சிய நேரம் எப்போது கழியும் என்று ஏங்கி நிற்கும் அணியைக் காண்பது தோல்வியினும் கொடிது. பொருது தோற்ற துயரத்தில் நாணம் இல்லை. ஒடுங்கி நின்ற ஆட்டம் தரும் துயரத்திலோ நாணமும் கலந்துள்ளது.

தமிழ்த்துறை வெளியிடும் சிறப்பு மலரில் கால்பந்துக்கு என்ன இடம் என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். ஆடுகளத்தில் எழும் இச்சிக்கல் வகுப்பறையிலும் எழுகிறது என்பதே நம் விடை. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

நாம் பிரேசில் அணியின் பற்றாளர். 1994ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவின் பாசடீனா நகரில் நடைபெற்ற உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நம் பள்ளிப் பருவத்தில் கண்டோம். அங்கு நண்பகல், இங்கு நள்ளிரவு கடந்துவிட்டது. தெருவில் ஒரு வீட்டின் முன்கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் பெரியவரும் சிறுவருமாக நெருங்கி அமர்ந்திருந்தோம். பிரேசிலும் இத்தாலியும் கூடுதல் நேரம் உட்பட 120 நிமிடங்கள் ஆடின. ஒரு கோல்கூட விழவில்லை. உலகக் கோப்பை இறுதி ஆட்டம் கோலின்றி முடிந்ததும், பெனால்டி உதைகளால் முடிவு செய்யப்பட்டதும் அதுவே முதன்முறை. இத்தாலியின் ராபர்ட்டோ பாஜியோ உதைத்த பந்து கம்பத்திற்கு மேலே பறந்தது. 3-2 என்ற கணக்கில் பிரேசில் வென்றது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் கோப்பை கைவந்தது. சிறுவர்களாகிய நாம் துள்ளிக் குதித்தோம். துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு எழுந்த பெரியவர் ஒருவர் மட்டும், கோப்பை வந்துவிட்டது, ஆட்டம்தான் வரவில்லை என்று கூறிச் சென்றார். அன்று அவர்மேல் சினம் கொண்டோம். அவர் கூற்றின் பொருள் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

அவர் எதிர்பார்த்த ஆட்டம் எது? அதனை அறிய 1970ஆம் ஆண்டிற்குச் செல்லல் வேண்டும். ஜூன் 21 அன்று மெக்சிகோ நகரின் அஸ்டெகா அரங்கில் இறுதி ஆட்டம். அன்றும் எதிரணி இத்தாலியே. பிரேசில் 3-1 என்று முன்னிலையில் இருக்க, நான்கு நிமிடங்களே எஞ்சி இருந்தன. கோப்பை ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது. இனிப் பந்தைத் தமக்குள் உருட்டிக்கொண்டு நேரத்தைக் கழித்தால் எவரும் குறை கூறார். ஆயினும் முன்னணி வீரரான டொஸ்டாவ் தம் அணியின் பகுதிக்கு ஓடிவந்து பந்தை மீட்கத் துணை நின்றார். தற்காப்புக்குரிய நடுக்கள வீரர் கிளோடோவால்டோ இத்தாலியர் நால்வரை ஒருவர்பின் ஒருவராக ஏய்த்துச் சென்றார். ரிவெலினோ, ஜைர்சினோ வழியாகப் பெலேயை அடைந்த பந்து, அவர் காலிலிருந்து வலப்புறத்து வெளியை நோக்கி மெல்ல உருண்டது. அங்கே ஓடிவந்து அதனை வலைக்குள் செலுத்தியவர் கார்லோஸ் ஆல்பர்ட்டோ. அவர் வலப்புறத் தற்காப்பு வீரர், அணித்தலைவரும் அவரே. தாக்குவோர் காத்தனர், காப்போர் தாக்கினர். தேவைக்கு மேற்பட்ட அந்த நான்காவது கோலே பிரேசில் ஆட்டத்தின் இலக்கணம் என்று உலகம் கொண்டது.

அம்மரபின் முழு வடிவம் 1982இல் ஸ்பெயினில் தோன்றியது. டெலே சந்தானா பயிற்றுநர். மருத்துவப் பட்டம் பெற்ற சாக்ரடீஸ் அணித்தலைவர். ஜிக்கோ, ஃபால்காவ், செரேசோ ஆகியோர் நடுக்களத்தின் தூண்கள். ஜூலை 5 அன்று பார்சிலோனாவின் சாரியா அரங்கில் இத்தாலியைச் சந்தித்தபோது, ஆட்டம் சமன் ஆனாலே பிரேசில் அரையிறுதிக்குச் சென்றிருக்கும். பாவ்லோ ரோசி இருமுறை இத்தாலியை முன்னிலைக்குக் கொண்டுசென்றார். இருமுறையும் பிரேசில் ஈடுசெய்தது. 68ஆம் நிமிடத்தில் 2-2. ஆறு நிமிடங்கள் கழித்து ரோசி மூன்றாவது கோலை அடித்தார். பிரேசில் வெளியேறியது.

துணிவே அத்தோல்விக்குக் காரணம் என்று தீர்ப்பு எழுதப்பட்டது. அத்தீர்ப்பு எத்துணைச் சரியானது? ரோசியின் இரண்டாவது கோல், பிரேசில் வீரர் தம் பகுதியில் கவனமின்றிக் குறுக்கே உருட்டிய பந்தால் விளைந்தது. மூன்றாவது கோல் ஒரு மூலை உதையிலிருந்து பிறந்தது. அப்போது பிரேசில் வீரர்கள் தம் கோல் எல்லைக்குள் திரண்டே நின்றிருந்தனர். முன்னேறிச் சென்றதால் விழுந்த கோல் அன்று அது. ஆயினும் மக்கள் உள்ளத்தில் பதிந்தது, அழகாக ஆடினால் தோற்போம் என்ற அச்சமே. தோல்வியை ஆராயாது தோல்விக்கு அஞ்சுதல் மாந்தர் இயல்பு போலும்.

அவ்வச்சத்தின் விளைவை 1990இல் இத்தாலியில் கண்டோம். லசரோனி பயிற்றுவித்த அணி, தற்காப்பு வீரர் மூவரை நிறுத்தி, அவருள் ஒருவரைக் கடைக்காவலராகப் பின்னே வைத்து ஆடியது. நான்கு ஆட்டங்களில் நான்கே கோல்கள். அர்ஜென்டினாவுடன் ஆடிய நான்காவது ஆட்டத்தில், மரடோனா அளித்த பந்தைக் கனிஜியா கோலாக்க, 0-1 என்று வீடு திரும்பியது. எச்சரிக்கையாக ஆடியும் தோற்றது என்பது கருதத்தக்கது. அடுத்து வந்ததே 1994. பயிற்றுநர் பரேரா நடுக்களத்தில் துங்கா, மவ்ரோ சில்வா என்னும் காவலர் இருவரை நிறுத்தினார். ஏழு ஆட்டங்களில் பிரேசில் விட்டுக்கொடுத்த கோல்கள் மூன்றே. முதல் மூன்று ஆட்டங்களுக்கு அணித்தலைவராக இருந்த ராய், அதன்பின் முதல் பதினொருவரில் இடம் இழந்தார். அவர் 1982இன் அணித்தலைவர் சாக்ரடீஸின் தம்பி என்பதை எண்ணும்போது, ஒரு மரபே வெளியே அமர்த்தப்பட்டது போன்ற உணர்வு எழுகிறது. பிரேசில் மக்களும் கலைப் பந்தாட்டம், பயன் கருதும் பந்தாட்டம் என்று இரண்டாகப் பிரித்து வழக்காடினர். கோப்பை வென்ற பின்னரும் அவ்வழக்கு ஓயவில்லை.

இவ்வளவில் நின்று தற்காப்பு ஆட்டமே இழிந்தது என்று நாம் முடிவு கட்டினால் அது பிழையாகும். புறத்திணை கற்ற நமக்கு அவ்வாறு கூற வாய் வராது. மதிலை வளைத்தோர் உழிஞை சூடினர் என்றால், மதிலைக் காத்தோர் நொச்சி சூடினர். காத்தலுக்கும் ஒரு பூ உண்டு. அதற்கும் புகழ் உண்டு. வள்ளுவரும் பின்வாங்குதலைப் பழித்தாரல்லர். காலமறிதல் அதிகாரத்தில் அவர் காட்டும் ஆட்டுக்கடா பின்னே அடியெடுத்து வைப்பது ஓடுவதற்கன்று, பாய்வதற்கு. ஊக்கம் உடையவன் ஒடுங்கியிருத்தல் அத்தகையது என்பது அவர் கருத்து. ஆகவே ஓர் அணி பின்வாங்குகிறதா என்பது வினா அன்று. எதற்காகப் பின்வாங்குகிறது என்பதே வினா.

இவ்வளவுகோலால் அளந்தால் 1994இன் அணிக்கும் நீதி வழங்கலாம். ரொமாரியோ, பெபெட்டோ என்னும் இருவரும் முன்னே இருந்தனர். ரொமாரியோ ஐந்து, பெபெட்டோ மூன்று எனக் கோல்கள் அடித்தனர். டல்லாஸில் நெதர்லாந்து 2-2 என்று ஈடுசெய்த பின்னும் பிரேசில் ஒடுங்கிவிடவில்லை. பிராங்கோவின் நேர் உதையால் 3-2 என்று வென்றது. அது ஆட்டுக்கடாவின் பின்னடி எனலாம். இறுதி ஆட்டத்தின் நீண்ட நேரமோ, இரு கடாக்களும் பின்னே பின்னே சென்று வேலியில் முட்டிக்கொண்டு நின்றதைப் போன்றது. பெரியவர் சொன்னதில் உண்மை இருந்தது. முழு உண்மை இல்லை.

காத்தலும் தாக்கலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கக்கூடும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1982இல் தோற்ற அதே டெலே சந்தானா, சாவோ பாவ்லோ கழகத்தைப் பயிற்றுவித்து, 1992, 1993 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தென்னமெரிக்காவின் லிபர்ட்டடோரஸ் கோப்பையை வென்றார். கண்டங்களுக்கிடையிலான கோப்பையில் முதல் ஆண்டு பார்சிலோனாவையும் அடுத்த ஆண்டு மிலானையும் வீழ்த்தினார். பார்சிலோனாவுக்கு எதிரான இரு கோல்களையும் அடித்தவர் ராய். 2002இல் ஸ்கொலாரியும் லசரோனியைப் போலவே தற்காப்பில் மூவரை நிறுத்தினார். ஆனால் அம்மூவரை நிறுத்தியது, கஃபுவும் ராபர்ட்டோ கார்லோஸும் இருமருங்கிலும் அச்சமின்றி முன்னேறவும், ரொனால்டோ, ரிவால்டோ, ரொனால்டினோ மூவரும் மனம்போல் ஆடவுமே. ஏழு ஆட்டங்கள், ஏழு வெற்றிகள், 18 கோல்கள். லசரோனியின் மூவர் கூரையாக நின்றனர். அதற்குமேல் அணி எழ இயலவில்லை. ஸ்கொலாரியின் மூவர் அடித்தளமாக நின்றனர். அதன்மேல் அணி எழுந்தது.

இனி, நம் குற்றத்திற்கு வருவோம். 2010இல் துங்காவே பயிற்றுநராக இருந்தார். ரொனால்டினோவை அவர் சேர்க்கவில்லை. இளைஞரான நெய்மாரைச் சேர்க்குமாறு எழுந்த குரலுக்கும் செவிசாய்க்கவில்லை. நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதியில் பத்தாவது நிமிடத்திலேயே ரொபின்யோ கோல் அடித்தார். இடைவேளைக்குப் பின் அணி நிலைகுலைந்தது; 1-2 என்று தோற்றது. பின்தங்கிய வேளையில் ஆட்டத்தை மாற்ற வல்லவர் எவரும் மாற்று வீரர் வரிசையில் இல்லையே என்று நாம் துங்காவை வாய்க்கு வந்தபடி வைதோம். கோழை என்றும் கூறினோம்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2022 டிசம்பர் 9 அன்று இரவு, விடுதி மாணவர் நடுவே அமர்ந்து குரோவேசியாவுடனான காலிறுதியைக் கண்டோம். கூடுதல் நேரத்தின் முதற்பாதி முடியும் தறுவாயில் நெய்மார் கோல் அடித்தார். ஆட்டம் முடிய மூன்று நான்கு நிமிடங்களே இருந்தபோதும் பிரேசில் வீரர் பலர் முன்னேறியே நின்றனர். பந்தை இழந்த நொடியில் குரோவேசியா விரைந்து பாய்ந்தது. 117ஆம் நிமிடத்தில் பெட்கோவிச் ஈடுசெய்தார். அவ்வாட்டத்தில் குரோவேசியா கோலை நோக்கிச் சரியாக உதைத்த ஒரே பந்து அது. பெனால்டி உதைகளில் பிரேசில் 2-4 என்று வீழ்ந்தது. அப்போது, நான்கு நிமிடம் பின்னே நின்றால் என்ன குடியா முழுகிவிடும் என்று எல்லாரினும் உரக்கக் கத்தியவர் யார்? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பின்வாங்கியவரைக் கோழை என்ற நாமே. மாணவர் ஒருவர் நம்மைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கூறவில்லை. கூறியிருக்கலாம்.

அன்றிரவு நமக்கு ஒன்று புலப்பட்டது. பயிற்றுநர் அஞ்சி ஆட வைக்கிறார் என்கிறோம். அவர் யாருக்கு அஞ்சுகிறார்? எதிரணிக்கு மட்டுமா?

1950ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் பிரேசில் உருகுவேயைச் சந்தித்தது. அதற்குமுன் சுவீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் வென்றிருந்தது. அன்றும் சமன் செய்தாலே கோப்பை கிட்டும். முதல் கோலையும் பிரேசிலே அடித்தது. பின்னர் உருகுவே ஈடுசெய்தது. 79ஆம் நிமிடத்தில் ஜிகியா அடித்த கோல் பிரேசிலை வீழ்த்தியது. அந்தப் பழி முழுவதும் கோல்காப்பாளர் பார்போசாவின் தலையில் விழுந்தது. 2000ஆம் ஆண்டு அவர் மறையும் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், ஒரு மாலைப்பொழுதின் ஒரு நொடிக்காக அவர் சுட்டிக்காட்டப்பட்டார். பதினொருவர் ஆடினர், ஒருவர் தண்டனை பெற்றார். இதனைக் கண்டு வளர்ந்த நாட்டில் எந்தப் பயிற்றுநர் அஞ்சாதிருப்பார்?

பரிசும் தண்டனையும் ஆட்டத்தை மாற்றும் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1990 உலகக் கோப்பையில் 52 ஆட்டங்களில் 115 கோல்களே விழுந்தன. ஆட்டத்திற்குச் சராசரி 2.21. அதற்குமுன் எந்த உலகக் கோப்பையிலும் சராசரி இவ்வளவு தாழ்ந்ததில்லை. விதி வகுப்போர் விழித்துக்கொண்டனர். தம் வீரர் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல்காப்பாளர் கையால் எடுத்தல் 1992இல் தடுக்கப்பட்டது. 1994 உலகக் கோப்பையில் வெற்றிக்கு இரண்டு புள்ளிகளுக்கு மாறாக மூன்று புள்ளிகள் வழங்கப்பட்டன. அதே 52 ஆட்டங்களில் 141 கோல்கள் விழுந்தன. அறிவுரை கூறி எவரையும் துணியச் செய்யவில்லை. துணிவுக்குரிய மதிப்பை உயர்த்தினர், அவ்வளவே. களத்தின் விதியை அவர்கள் மாற்றினர். களத்திற்கு வெளியே உள்ள விதியை, அதாவது துணிந்து தவறியவனை என்ன செய்வது என்னும் விதியை, மாற்ற வல்லவர் பார்ப்போராகிய நாம் மட்டுமே.

தொடக்கத்தில் கூறிய வகுப்பறைக்கு இப்போது வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் அகமதிப்பீட்டுத் தேர்வு ஒன்றில் குறுந்தொகைப் பாடல் ஒன்றனை நயம் பாராட்டுமாறு கேட்டிருந்தோம். பெரும்பாலான மாணவர் நாம் எழுதச் சொல்லிக் கொடுத்த குறிப்பையே எழுதியிருந்தனர். ஒரு மாணவர் மட்டும் தலைவியின் மௌனத்திற்குத் தாமே ஒரு பொருள் கண்டு எழுதியிருந்தார். மொழிநடையில் பிழைகள் இருந்தன. ஓர் இடத்தில் திணையையும் மயங்கிக் கூறியிருந்தார். சிவப்பு மையால் பிழைகள் அனைத்தையும் வட்டமிட்டுப் பத்துக்கு நான்கு வழங்கினோம். குறிப்பை ஒப்பித்தவர்களுக்கு எட்டு. அடுத்த தேர்வில் அம்மாணவரும் நம் குறிப்பையே எழுதினார், எட்டுப் பெற்றார். மகிழ்ச்சியோடு கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். ஆராய்ச்சி பயில முன்வருவோர் அருகிவருகின்றனரே, சொந்தமாகச் சிந்திப்போர் இல்லையே என்று அதே ஆண்டு துறைக் கூட்டத்தில் வருந்தியவரும் நாமே.

அம்மாணவருக்குள் ஒரு ராய் இருந்திருக்கலாம். அவரை வெளியே அமர்த்தியவர் பரேரா அல்லர்.

திணை மயக்கத்திற்கு மதிப்பெண் குறைத்தது தவறன்று. பிழையைப் பிழை என்றே கூறல் வேண்டும். இலக்கணத்தில் காவல் தளர்தல் ஆகாது. மூவரைப் பின்னே நிறுத்தியதால்தான் ரொனால்டோ முன்னே ஆட முடிந்தது என்பதை மறந்தோமல்லோம். 2014இல் பெலோ ஒரிசோன்ட்டியில் காவலின்றி முன்னே பாய்ந்த பிரேசில், ஜெர்மனியிடம் 1-7 என்று சிதைந்ததையும் நம் கண்ணாலேயே கண்டோம். நாம் செய்த தவறு வேறு. பிழைக்கு விலை வைத்தோம். முயற்சிக்கு விலை வைக்கவில்லை. நான்குக்கும் எட்டுக்கும் இடையே நாம் இட்ட கோடு, அஞ்சி ஆடுக என்று அம்மாணவருக்கு விடுத்த ஆணை.

பெற்றோரும் பெரியோரும் இதனைத் தம் வீட்டளவில் எண்ணிப் பார்த்தல் நலம். பிள்ளைகள் துணிவதில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம். ஒரு தேர்வில் தவறியவனை, ஒரு தொழிலில் பொருளிழந்தவனை, எத்தனை திருமண வீடுகளில் எத்தனை ஆண்டுகள் சுட்டிக்காட்டிப் பேசுகிறோம்? நம் தெருக்களிலும் பார்போசாக்கள் உண்டு. அவர்களைப் பார்த்து வளரும் சிறுவன் பந்தைப் பின்னேதான் உருட்டுவான்.

பிரேசில் 1994க்குப் பின் 2002இல் மேலும் ஒருமுறை வென்றது. அதன்பின் 2022 வரை நடந்த ஐந்து உலகக் கோப்பைகளில் வெறுங்கையுடன் திரும்பியது. அணி பின்வாங்கும்போது இனியும் நமக்குச் சினம் வரும். பற்றுள்ள இடத்தில் அது வாராதிருக்காது. ஆயினும் முன்னே செல்லுங்கள் என்று கூவுமுன், முன்னே சென்று தோற்றுத் திரும்புவோரை நாம் எப்படி வரவேற்போம் என்பதை ஒருகணம் எண்ணிக்கொள்வோம். இப்பருவத்து விடைத்தாள்கள் மேசைமேல் இருக்கின்றன. அவற்றைத் திருத்த அமர்கையில், சொந்தமாக எழுதிய ஒரு தாளேனும் கண்ணில் படாதா என்று தேடுகிறோம். பட்டால், சிவப்பு மைக்கு இம்முறை இரு வேலைகள் உண்டு.